பழைய கன்சோல், புது வீடியோ: வாசகர் கேள்வி - பதில்

பழைய வீடியோ கேம்களுக்கு ரிவ்யூ வீடியோ செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, இந்த இதழில்.

கே: சூப்பர் நின்டெண்டோ கேமை விலை குறைந்த யுஎஸ்பி கேப்சர் கார்டில் (கன்சோல் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி) பதிவு செய்கிறேன். ஹீரோ அடிபட்டதும் விட்டுவிட்டு மின்ன வேண்டும். என் வீடியோவில் சில நேரம் ஆளே மறைந்துபோகிறார், சில நேரம் மின்னாமல் அப்படியே நிற்கிறார். ஓடும்போது உருவத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிகிறது. - மதுரை வாசகர்

ப: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தக் கன்சோல் நொடிக்கு ஏறக்குறைய 60 முழுப் படங்களை அனுப்புகிறது. ஒரு படத்தில் ஹீரோவை வரைந்து, அடுத்ததில் வரையாமல் விடுவதுதான் அந்த மின்னல். மலிவு கார்டுக்கு இந்த 240பி (240 வரிகளும் ஒரே படமாக வரும்) சிக்னல் தெரியாது. பழைய டிவி ஒளிபரப்பைப் போல 480ஐ (480 வரிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பாதிகளில் வரும்) என்று எடுத்துக்கொண்டு, இரண்டு படங்களை வரிக்கு வரி பின்னி ஒன்றாக்கிவிடும். நொடிக்கு 30 படம்தான் மிஞ்சும். பின்னலில்தான் ஓரம் கிழிகிறது. அதைச் சரிசெய்யப்போய் ஒரு பாதியை மென்பொருள் தூக்கி எறிந்தால், ஹீரோ எந்தப் பாதியில் இருந்தாரோ அதைப் பொறுத்து நிற்பார் அல்லது காணாமல் போவார்.

ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் அந்த வீடியோ சோர்ஸை ரைட் கிளிக் செய்து, டீஇன்டர்லேசிங் (பின்னலைப் பிரிக்கும்) பட்டியலில் 'ரெட்ரோ'வைத் தேர்ந்தெடுங்கள். பின்னிய இரண்டு பாதிகளையும் அது தனித்தனிப் படமாகப் பிரித்துக் காட்டும். செட்டிங்ஸில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 60 இருக்கட்டும். எடிட்டிங் டைம்லைனும் 60, எக்ஸ்போர்ட்டும் 60. பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். யூடியூபில் 720பி-க்குக் கீழே 60 எஃப்பிஎஸ் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, அடிபடும் இடத்தில் வீடியோவை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஹீரோ இருப்பதும் இல்லாததும் மாறி மாறி வர வேண்டும். வரவில்லையென்றால், கார்டின் டிரைவரே படத்தைக் கலக்கிவிட்டுத்தான் கணினிக்கு அனுப்புகிறது. அப்போது ஓபிஎஸ் உதவாது. 240பி-யைப் புரிந்துகொள்ளும் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற கருவியை நடுவில் வைத்து, எச்டிஎம்ஐ கேப்சர் கார்டுக்குப் போவதே வழி.

கே: ஜப்பான் சூப்பர் ஃபாமிகாம் (சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பான் வடிவம்) வாங்கினேன். படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. கன்சோல் பழுதா? - கோவை வாசகர்

ப: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஜப்பான் கன்சோல் என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி) முறையில் நிறத்தை 3.58 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது. உங்கள் கார்டு பால் (PAL, நம் ஊர், ஐரோப்பிய டிவி) முறையில் இருந்தால் 4.43-இல் நிறத்தைத் தேடும், கிடைக்காது. விண்டோஸ் ஓபிஎஸ்-இல் சோர்ஸ் பிராப்பர்ட்டீஸ், கான்ஃபிகர் வீடியோ, வீடியோ டிகோடர் என்று போய் என்டிஎஸ்சி எம் அல்லது எம் ஜே வையுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதில் கன்சோலே போய்விடும். பெட்டியோடு வந்த ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் செருகினால் எரிந்துவிடும். 230-ஐ ஏற்று 10 வோல்ட் டிசி, குறைந்தது 850 மில்லி ஆம்பியர் தரும், நடு முனை நெகட்டிவாக உள்ள அடாப்டர் வேண்டும். முன்பக்கம் கேசட் போடும் பழைய என்இஎஸ் (சூப்பர் நின்டெண்டோவுக்கு முந்தைய நின்டெண்டோ கன்சோல்) அடாப்டரை மாற்றிக்கூடப் போடாதீர்கள். அது தருவது ஏசி மின்சாரம்.

கே: திரை முழுக்க நிரப்பினால் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். சரியான அளவு எது? - சேலம் வாசகர்

ப: 4:3. அகலத்திரைக்கு இழுக்கவே கூடாது. சூப்பர் நின்டெண்டோ கேம்களில் பெரும்பாலானவை 256க்கு 224 புள்ளிகள். எமுலேட்டரிலிருந்து (கன்சோலைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள்) எடுத்த படமென்றால் அகலத்தை 7 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்குங்கள். 1792க்கு 1344 வரும், அது துல்லியமாக 4:3. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருப்பதால் பின்னணி நகரும்போது அலை அடிக்காது. 2560க்கு 1440 டைம்லைனில் அதை நடுவில் வைத்து, ஸ்கேலிங்கை 'நியரஸ்ட் நெய்பர்' (புள்ளிகளை மங்கலாக்காமல் பெரிதாக்கும் முறை) ஆக்குங்கள். யூடியூபில் 1080பி-யில் ஏற்றினால் சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசியும். 1440பி-யில் அது வெகுவாகக் குறைகிறது.

சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கன்சோலில் வரும் 320 புள்ளி கேம்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அகலம், உயரம் இரண்டையும் 6 மடங்கு பெருக்கி, அகலத்தை மட்டும் 1792க்குச் சுருக்கினால் போதும்.

கே: கடையில் வாங்கிய டிவி கேம் கேசட்டில் உள்ள கான்ட்ரா கேமை வைத்தே ரிவ்யூ செய்யலாமா? - நாகர்கோவில் வாசகர்

ப: தாராளமாக. நம் ஊரில் பெரும்பாலோர் ஆடிய கான்ட்ரா அதுதான், அதற்கென்றே ஒரு ரிவ்யூ வரவேண்டும். ஆனால் எதை ஆடுகிறீர்கள் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கேசட்டுகளின் பட்டியலில் ஒரே கேம் பல பெயர்களில் வரும். ஒன்று நடு ஸ்டேஜில் தொடங்கும், இன்னொன்று கூடுதல் லைஃபோடு தொடங்கும். அதை வைத்து 'சுலபமான கேம்' என்று தீர்ப்புச் சொன்னால், அது கொனாமி நிறுவனம் செய்த அசல் கேமுக்குப் பொருந்தாது. பால் டிவிக்கான பெட்டி என்றால் நொடிக்கு 50 படம்தான். 60க்கு எழுதிய கேம் அதில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுக்கும். இதைப் பதிவு செய்யும்போது மட்டும் எஃப்பிஎஸ் 50 வையுங்கள்.

ஒப்பிட்டுக் காட்ட 1988-இன் ஜப்பான் ஃபாமிகாம் (என்இஎஸ்-இன் ஜப்பான் வடிவம்) பதிப்பு அருமையான பொருள். முதல் ஸ்டேஜில் மரத்தின் இலைகள் காற்றில் ஆடும், பனி ஸ்டேஜில் பனி பொழியும், ஸ்டேஜுகளுக்கு நடுவே வரைபடமும் கதைக்காட்சியும் வரும். அமெரிக்கப் பதிப்பில் இவை எதுவும் இல்லை. ஐரோப்பாவில் 'புரோபோடெக்டர்' என்ற பெயரில் வீரர்களே ரோபோக்களாக மாறிவிட்டார்கள். மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அழுத்தி 30 லைஃப் வாங்கியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். 3 லைஃபில் ஆடுகிறவருக்கு உங்கள் தீர்ப்பு பொருந்தாது.

கே: மெகா டிரைவ் முதல் மாடலில் பாட்டு ஒரே பக்கம் கேட்கிறது. - திருச்சி வாசகர்

ப: அதன் பின்பக்க ஏவி துளையில் வருவது மோனோதான். ஸ்டீரியோ முன்பக்க ஹெட்ஃபோன் துளையில் இருக்கிறது. 3.5 மிமீ ஒயரை அங்கிருந்து கார்டின் ஆடியோ துளைகளுக்குக் கொடுங்கள். பக்கத்தில் உள்ள வால்யூம் லீவரை முழுக்க ஏற்றாமல், உரத்த இடத்திலும் சத்தம் உடையாத அளவில் நிறுத்துங்கள்.

கே: பழைய டியூப் டிவியில் ஆடுவதை ஃபோனில் எடுத்தால் கறுப்புப் பட்டை ஓடுகிறது. - சென்னை வாசகர்

ப: ஃபோன் கேமராவை மேனுவலுக்கு மாற்றி, ஷட்டரை என்டிஎஸ்சி கன்சோலுக்கு 1/60, பால் கன்சோலுக்கு 1/50 ஆக்குங்கள். அறை விளக்கை அணைத்து, ஐஎஸ்ஓ, ஃபோகஸ் இரண்டையும் பூட்டுங்கள். கன்சோலின் வேகம் சரியாக 60 இல்லை என்பதால் மெல்லிய பட்டை ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். அது போகாது. டியூப் டிவி ஷாட்டுகளைச் சில நொடிகளுக்குள் வெட்டிவிட்டு, மீதியை நேரடிப் பதிவிலிருந்து போடுங்கள்.