எம்சிபி ஒரு சமயம் மெதுவாகவும் ஒரு சமயம் பட்டென்றும் விழுவது ஏன்?

குன்னூர் குளிரில் கெய்சர், ரூம் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி மூன்றும் சேர்ந்து ஓடினால் சில நிமிஷம் கழித்து எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. எலி கடித்த வயரிலோ கண் இமைப்பதற்குள் விழுந்தது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உள்ளே இரண்டு காவல்காரர்கள். முதலாவது, இரு உலோகங்கள் ஒட்டிய பட்டை. மூன்றும் சேர்ந்து 6000 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபியில் பட்டை சூடேறி, மெல்ல வளைந்து, கொக்கியைத் தட்டிவிடும். அதனால்தான் தாமதம்.

ஷார்ட் சர்க்யூட் வேறு கதை. பேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொண்டால் நடுவே தடையாக நிற்பது வயர் மட்டும்தான். அது அரை ஓம் என்றால் 460 ஆம்பியர் பாயும்! பட்டை வளையும்வரை காத்திருந்தால் வயர் உருகிவிடும். இங்கே வேலை செய்வது இரண்டாவது காவல்காரர்: கம்பிச்சுருள் (coil). அத்தனை கரண்டில் அது காந்தமாகி, ஒரு சின்ன இரும்புத் தண்டை 'டக்'கென்று இழுத்து அதே கொக்கியைத் தட்டிவிடும். அந்த 16 ஆம்பியர் எம்சிபி 'சி' வகை (எத்தனை மடங்கு கரண்டில் பட்டென்று விழும் என்பதைக் காட்டும் எழுத்து) என்றால் 80 முதல் 160 ஆம்பியருக்குள் இது நடந்துவிடும். ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான்.

கொக்கி விடுபட்டு சுவிட்சின் முனைகள் பிரிந்தாலும் கரண்ட் உடனே நிற்காது, தீப்பொறியாகத் தாவும். பழைய எம்சிபி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: சீப்புப் பல் மாதிரி உலோகத் தகடுகள் இருக்கும். அவை அந்தப் பொறியைத் துண்டு துண்டாக்கி அணைக்கும்.

அடிக்கடி விழுகிறதே என்று 32 ஆம்பியர் மாட்டிவிடாதீர்கள். பிறகு உருகப்போவது சுவருக்குள் இருக்கும் வயர். மழையிலும் மூடுபனியிலும் சுவர் ஓதமாகி ஷாக் அடிப்பதை எம்சிபி கண்டுகொள்ளாது. அதற்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) தனியாக வேண்டும்.