குக்கர் இருக்கிறதே, கேனர் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் டென்வர் நகரில் வசிக்கிறோம். கோடையில் வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸும் தக்காளியும் பறித்து மாளவில்லை. அவற்றைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஐந்து லிட்டர் குக்கரே இதற்குப் போதுமா? ஜாடிகளை அழுத்த நீராவியில் சூடாக்கிப் பதப்படுத்தும் பெரிய பாத்திரமான பிரஷர் கேனர் வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? சாம்பாரையும் இப்படி அடைத்து வைக்கலாமா?

– வாசகி, டென்வர்

பதில்: குக்கர் போதாது. பீன்ஸ் போன்ற புளிப்பில்லாத காய்களில் மண்ணிலிருந்து ஒட்டிவரும் ‘கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத ஜாடிக்குள் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சை வாடையைக் கொண்டோ நிறத்தைக் கொண்டோ கண்டுபிடித்துவிட முடியாது. 2015 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு தேவாலய விருந்தில் பரிமாறிய உருளைக்கிழங்கு சாலட்டால் 29 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். அந்தக் கிழங்கு, வீட்டில் வெறும் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தியது. இந்த வித்துகளை அழிக்க ஏறக்குறைய 116 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அது நீராவியை அழுத்தத்தில் அடைத்தால்தான் கிடைக்கும்.

அந்த அழுத்தம் நம் குக்கரிலும் வருமே என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறை ஒவ்வொரு காய்க்கும் சோதித்துச் சொல்லும் நேரம், பெரிய பாத்திரம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதையும் கணக்கில் சேர்த்தது. சிறிய குக்கர் சீக்கிரமே ஆறிவிடுவதால், ஜாடியின் நடுப்பகுதிக்குப் போதிய சூடு கிடைக்காமல் போகலாம். எனவே, ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) ஜாடிகள் குறைந்தது நான்கு நிற்கும் பாத்திரத்தையே அத்துறை கேனர் என்று ஏற்கிறது. மின்சார மல்டி குக்கர்களுக்கும் இந்த நேரக் கணக்கு பொருந்தாது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அழுத்தத்தைக் காட்டும் முறை. முள் காட்டும் டயலை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். குண்டு போட்டு ஆட்டும் வெயிட்டுக்கு அந்தக் கவலை இல்லை. டென்வர் 5,280 அடி உயரத்தில் இருப்பதால், புத்தகங்களில் கடல் மட்டத்துக்கென்று போட்டிருக்கும் 10 பவுண்டு அழுத்தம் (சதுர அங்குலத்துக்கு) உங்களுக்கு ஆகாது. வெயிட் என்றால் 15 பவுண்டு, டயல் என்றால் 13 பவுண்டு. என்னைக் கேட்டால் வெயிட்டே மேல். பிரெஸ்டோ நிறுவனத்தின் 23 குவார்ட் கேனர் டயலுடன் வந்தாலும், அதற்குப் பொருந்தும் வெயிட் தனியாகக் கிடைக்கிறது. நம் குக்கரைப் போலவே அதற்கும் ரப்பர் கேஸ்கெட் உண்டு, விறைத்துப்போனால் மாற்ற வேண்டும். ‘ஆல் அமெரிக்கன்’ என்ற பிராண்டின் கேனரில் கேஸ்கெட்டே கிடையாது, மூடி உலோகத்தோடு உலோகமாக உட்கார்ந்து திருகுகளால் இறுகும். ஆயுள் அதிகம், விலையும் கனமும் அதிகம். உங்கள் அடுப்பு கண்ணாடிப் பரப்புடையதென்றால், அந்தக் கனத்தை அது தாங்குமா என்று அடுப்பின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வெயிட்டைப் போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஆவி பீறிட்டு வெளியேற வேண்டும். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் சரியாக இருந்தும் வெப்பம் குறையும். பிறகு பீன்ஸுக்கு பைண்ட் (அரை குவார்ட்) ஜாடியானால் 20 நிமிடம், குவார்ட் ஆனால் 25 நிமிடம். அவசரத்துக்குக் குக்கரைக் குழாயடியில் காட்டும் நம் வழக்கம் இங்கே கூடவே கூடாது. அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். தக்காளியின் புளிப்பு ரகத்துக்கு ரகம் மாறுவதால், குவார்ட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு சேருங்கள். பிழிந்த பழத்தின் புளிப்பும் ஒரே அளவாக இராது என்பதால்தான் பாட்டில் சாறு.

சாம்பார் வேண்டாம். குழைந்த பருப்பின் ஊடே சூடு நடுவரை செல்லத் தாமதமாகும், அதற்குச் சோதித்த நேரமும் இல்லை. காயை மட்டும் ஜாடியில் அடையுங்கள். வைத்த சாம்பார் மிஞ்சினால் அதற்கு ஃப்ரீசர் இருக்கிறது.