பிரிண்டர் மையும் டோனரும்: வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், கார்ட்ரிட்ஜ் வாங்கியே கையைக் கடிக்கிறது. ஒரு பக்கத்துக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது? (தஞ்சாவூர்)

பதில்: கார்ட்ரிட்ஜ் விலையை, அதற்குச் சொல்லப்படும் பக்க எண்ணிக்கையால் வகுங்கள். எச்பி 680 கலர் கார்ட்ரிட்ஜுக்குக் கணக்கு 150 பக்கம். கடையில் 900 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 6 ரூபாய். டேங்க் பிரிண்டர் என்பது கார்ட்ரிட்ஜ் இல்லாமல் தொட்டியில் மை ஊற்றும் வகை. அதற்கான எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மி.லி., கணக்கு 4,500 பக்கம். 400 ரூபாய் கொடுத்தாலும் பக்கத்துக்கு 9 பைசாதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் அப்படியேதான் நிற்கும்.

இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பவும் கூடாது. கருப்பு லேசர் பிரிண்டரின் டோனரில் (மைக்குப் பதிலான பொடி) இது தாளின் பரப்பில் சுமார் 5 சதவீதம் மட்டும் அச்சாகும் பக்கத்தை வைத்துச் சொல்வது, அதாவது ஒரு சின்னக் கடிதம். பிள்ளைகளின் புராஜெக்டுக்காகத் தாள் நிறையக் கலர் படம் போட்டால் பத்துப் பக்க மை ஒரே பக்கத்தில் போய்விடும். புது டேங்க் பிரிண்டரில் முதல் பாட்டிலின் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே செலவாகும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: மாதத்துக்கு ஐந்தாறு பக்கம்தான் எடுப்போம், எல்லாம் கருப்பு வெள்ளை. டேங்க் பிரிண்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சும்மா கிடக்கும் இங்க்ஜெட்டில் மை காயும். காய்ந்ததைச் சுத்தம் செய்யவே மீதி மை போகும். டோனர் உலர்ந்த பொடி, ஆறு மாதம் தொடாவிட்டாலும் காயாது. வீட்டில் பிரிண்டர் இருந்தே ஆக வேண்டும் என்றால் கருப்பு லேசர் வாங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் அளவுக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடையை எந்தப் பிரிண்டராலும் வெல்ல முடியாது.

கேள்வி: எப்சன் எல் 3210. வெள்ளைக் கோடு விழுந்ததால் ஆறு முறை தொடர்ந்து ஹெட் க்ளீனிங் கொடுத்தேன். கோடு போகவில்லை, மைதான் இறங்கியது. என்ன செய்வது அண்ணா?

பதில்: வீட்டில் மை அதிகம் வீணாகும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஹெட் என்பது தாளில் மையைத் தெளிக்கும் பகுதி. அதைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு க்ளீனிங்கிலும் நான்கு நிற மையும் உறிஞ்சப்பட்டு, அடியில் இருக்கும் கழிவு மைப் பஞ்சுக்குப் போகிறது. ஒரு நிறம் அடைத்திருந்தாலும் நான்கும் போகும். அதனால் முதலில் நாசில் செக் (எந்த மைத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் சோதனைப் பக்கம்) எடுங்கள், அதற்கு மை மிகக் குறைவுதான். கட்டத்தில் இடைவெளி தெரிந்தால் ஒரு க்ளீனிங், மறுபடி நாசில் செக். இப்படி மூன்று முறை. அதற்கும் சரியாகாவிட்டால் நிறுத்திவிட்டு, அச்செடுக்காமல் குறைந்தது 12 மணி நேரம் விடுங்கள். பல நேரம் கோளாறு அடைப்பு அல்ல, காற்றுக் குமிழி. தொடர்ந்து உறிஞ்சினால் குமிழி போகாது, ஓய்வு கொடுத்தால் தானே அடங்கும். மறுநாள் நாசில் செக் எடுத்தால் பாதிக் கோடு காணாமல் போயிருக்கும்.

பவர் க்ளீனிங் கடைசி வழி. அது குழாயில் உள்ள மையையே மாற்றிவிடும். எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். குறைவாக இருக்கும்போது ஓட்டினால் குழாயில் காற்று ஏறி நிலைமை இன்னும் மோசமாகும். இதே காரணத்துக்காகத்தான் மை டேங்கின் கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்கவும் விடக்கூடாது.

இது திரும்ப வராமல் இருக்க: பிரிண்டரை அதன் பட்டனில்தான் அணைக்க வேண்டும். சுவர் சுவிட்சைத் தட்டினால் ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்று காயும். யுபிஎஸ் இல்லாத வீட்டில், கரண்ட் போய் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து பட்டனில் அணைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை நான்கு நிறமும் இருக்கும் ஒரு சின்னப் பக்கம் எடுங்கள். அதற்கு ஆகும் மை, ஒரு க்ளீனிங்குக்கு ஆவதில் சொற்பம்.

கேள்வி: கழிவு மைப் பஞ்சு என்றீர்களே, அது நிறைந்தால்?

பதில்: பிரிண்டர் தன் கணக்குப்படி நிறைந்துவிட்டது என்று அச்சிட மறுக்கும். கவுண்ட்டரை ரீசெட் செய்யும் மென்பொருளைச் சிலர் குறைந்த விலைக்குத் தருவார்கள். பஞ்சை மாற்றாமல் எண்ணை மட்டும் சுழியாக்கினால் மை அடிவழியாக மேசையில் ஒழுகும். இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். கேனானின் ஜி 3020 போன்ற புதிய மாடல்களில் இது தனிப் பெட்டி, நாமே கழற்றி மாற்றலாம். வாங்கும்போதே கேட்க வேண்டிய விஷயம்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதி விலைக்கு வேறு கம்பெனி மை கிடைக்கிறது. ஊற்றலாமா?

பதில்: கணக்குப் பாருங்கள். பக்கத்துக்கு 9 பைசா ஆகும் இடத்தில் 4 பைசா மிச்சம் என்றால் 2,000 பக்கத்துக்கு 80 ரூபாய். ஹெட் போனால் ஆயிரக்கணக்கில் செலவு. டேங்க் பிரிண்டரில் இந்த மிச்சம் தேவையில்லை என்பேன். கார்ட்ரிட்ஜ் மாடலில் மட்டும் அது கணிசமான தொகை.

ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மையின் வகையைப் பாருங்கள். டை என்பது நீரில் கரைந்த சாயம், பிக்மெண்ட் என்பது கரையாத நுண்துகள். எப்சன் 003 நான்கும் டை மை. கேனான் ஜி 2010 போன்றவற்றில் கருப்பு பிக்மெண்ட், மற்ற மூன்றும் டை. டைக்கான ஹெட்டில் பிக்மெண்ட் ஊற்றினால் அடைக்கும். பிக்மெண்ட் இருந்த இடத்தில் டை ஊற்றினால் ஓடும், ஆனால் ஹால் டிக்கெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே எழுத்து கரையும்.

கேள்வி: எச்பி 680 கார்ட்ரிட்ஜை ஊசியால் நிரப்பினேன். இரண்டு முறை நன்றாக வந்தது, மூன்றாவது முறை கருப்பே வரவில்லை.

பதில்: முழுக்கத் தீரும்வரை ஓட்டியிருப்பீர்கள். இந்த கார்ட்ரிட்ஜில் ஹெட்டும் சேர்ந்தே இருக்கிறது, வெப்பத்தால் மையைத் தள்ளும் வகை. மைதான் அதற்குக் குளிர்ச்சி. மையில்லாமல் ஓடினால் உள்ளே கருகிவிடும், பிறகு எந்த மையை ஊற்றினாலும் எழும்பாது. எழுத்து மங்க ஆரம்பித்த அன்றே நிரப்புங்கள்.

கருப்புக்கு 4 அல்லது 5 மி.லி., கலரில் ஒவ்வொரு அறைக்கும் 2 மி.லி. போதும். எந்தத் துளை எந்த நிறம் என்பதைப் பல் குச்சியை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசியைப் பஞ்சுக்குள் இறக்கி மெதுவாகத் தள்ளுங்கள். மேலே மை தெரிந்தால் நிறுத்திக் கொஞ்சம் திரும்ப இழுங்கள். பிறகு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த டிஷ்யூ மேல் ஹெட் பக்கத்தை ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். மை அளவு காட்டாது என்று வரும் செய்திக்கு ஓகே கொடுத்தால் போதும்.

கேள்வி: கேனான் எல்பிபி 2900. டோனர் ரீஃபில் செய்த பிறகு தாளில் கருப்புத் தூசி, ஓரத்தில் கோடு. கடைக்காரர் பிரிண்டர் பழசு என்கிறார்.

பதில்: பிரிண்டர் மேல் பழி போடுவதற்கு முன் வேஸ்ட் டோனரைக் கொட்டினாரா என்று கேளுங்கள். இந்த கார்ட்ரிட்ஜும் எச்பி 12ஏ-வும் ஒரே அமைப்பு, சுமார் 2,000 பக்கம், சிப் கிடையாது. அதனால்தான் ரீஃபில் செய்ய இவ்வளவு வசதி. தாளில் ஒட்டாத பொடியை வைப்பர் பிளேடு வழித்து, தாளில் பொடியைப் பதிக்கும் உருளையான டிரம்முக்குப் பின்னால் ஓர் அறையில் சேர்க்கும். மேலே துளை போட்டு 100 கிராம் பொடியை நிரப்பி அனுப்புகிறவர்கள் இந்த அறையைத் திறப்பதே இல்லை. இரண்டாவது ரீஃபிலில் அது நிரம்பித் தாளில் கொட்டும். கார்ட்ரிட்ஜை இரண்டாகப் பிரித்து, அறையைக் காலி செய்து, பிளேடைத் துடைத்து நிரப்புவதுதான் முறை. கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.

மற்றக் கோளாறுகளைத் தாளே சொல்லும். மேலிருந்து கீழாக மெல்லிய கருப்புக் கோடு: டிரம்மில் கீறல், அல்லது பிளேடு தேய்ந்திருக்கிறது. ஒரே புள்ளி ஏழரை செ.மீ.க்கு ஒருமுறை வந்தால் டிரம். அதன் சுற்றளவு அவ்வளவுதான். விரலால் தேய்த்தால் எழுத்து அழிந்தால், சூடேற்றும் ஃப்யூசர் பகுதியையோ பொருந்தாத பொடியையோ சந்தேகியுங்கள். பச்சை அல்லது நீல டிரம்மை வெளிச்சத்தில் வைக்க விடாதீர்கள், கருப்புத் துணியால் மூட வேண்டும். சட்டையில் பொடி பட்டால் குளிர்ந்த நீர் மட்டும். வெந்நீரில் அது உருகித் துணியில் ஒட்டும்.

கேள்வி: டோனர் லோ வந்ததும் மாற்றிவிட வேண்டுமா?

பதில்: எழுத்து மங்கும்வரை வேண்டாம். நடுவில் வெளுத்த பட்டை தெரிந்தால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, படுக்கைவாட்டில் ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டிப் போடுங்கள், இன்னும் சில பத்துப் பக்கம் வரும். பிரதர் லேசரில் டோனரும் டிரம்மும் தனித்தனி. டிஎன் 2365 டோனர் 2,600 பக்கம், அதன் டிரம் 12,000 பக்கம். டோனர் தீர்ந்ததற்கு டிரம்மையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: டிராஃப்ட் மோடில் தமிழ் எழுத்து தெளிவாக இல்லையே?

பதில்: மை குறைவாகச் செலவாகும் டிராஃப்டில் முதலில் மறைவது புள்ளிதான். சின்ன எழுத்தில் க், க ஆகத் தெரியும். 12 பாயிண்ட் அளவில், தடிமனில்லாத எழுத்துருவில் எடுங்கள், மை மிச்சமாகும், புள்ளியும் நிற்கும். இணையப் பக்கமென்றால் பிரவுசரின் அச்சு அமைப்பில் பின்னணிப் படங்களை நீக்கிவிடுங்கள். கிரேஸ்கேல் (கருப்பு வெள்ளை) தேர்ந்தெடுத்தாலும் தாள் வகையை ‘சாதாரணத் தாள்’ என்றே வையுங்கள். போட்டோ தாள் என்று கிடந்தால், கருப்பு பிக்மெண்டாக இருக்கும் மாடல்கள் கலர் மைகளைக் கலந்தே கருப்பை உண்டாக்கும்.

கேள்வி: எச்பி பிரிண்டர். போன மாதம்வரை ஓடிய வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜை இப்போது ஏற்க மறுக்கிறது.

பதில்: ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் ஆகியிருக்கும். டைனமிக் செக்யூரிட்டி உள்ள மாடல்கள் எச்பி அல்லாத சிப்பைத் தடுக்கும், ஒவ்வோர் அப்டேட்டிலும் அந்தத் தடை புதுப்பிக்கப்படலாம். விற்றவரிடம் புதிய சிப் உள்ள கார்ட்ரிட்ஜாக மாற்றிக் கேளுங்கள். அது ஓடத் தொடங்கியதும் பிரிண்டர் அமைப்பில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவையுங்கள்.