மலையில் ஒரு கால்நடை நோயறியும் ஆய்வகம்: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியில் கால்நடை நோயறியும் ஆய்வகம் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஐயா, நான் கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் ஒரு சிறிய நோயறியும் ஆய்வகத்தின் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இதுவரை மாட்டுக் கொட்டகையில் நின்று மருத்துவம் பார்த்தவள் நான். ஆய்வகத்தை நடத்துவது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. முதல் மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கூடலூர்

பதில்: கொட்டகையில் கழிந்த ஆறு ஆண்டுகளை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகத்தை நடத்தப் போகிறவருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்றே நான் கருதுகிறேன். முதல் வாரம் உங்கள் அறையில் உட்காராதீர்கள். மாதிரிகள் வந்து இறங்கும் மேசையருகே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு குழாயையும் புட்டியையும் நீங்களே பிரித்துப் பாருங்கள். எடுத்தவுடன் குழாயை மெல்லக் கவிழ்த்து, உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. மருந்துடன் கலக்காததால் உறைந்துபோன இரத்தமும், பனிக்கட்டியின் மேலேயே வைத்ததால் சிவப்பணுக்கள் உடைந்த இரத்தமும், கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டியதாயிருந்தும் கிருமிகளைக் கொல்லும் ஃபார்மலினில் ஊறி வந்த ஈரல் துண்டும், யாருடைய மாடு என்ற சீட்டே ஒட்டாத சாணப் புட்டியும் ஒரே வாரத்தில் உங்கள் கண்ணில் படும். இவற்றிலிருந்து நம்பத்தக்க முடிவு எதையும் பெற முடியாது; உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் அதே நிலைதான்.

ஆகவே இரண்டாவது வாரம் மாதிரி அனுப்புகிறவர்களைத் தேடிச் செல்லுங்கள். கூடலூரிலிருந்து உதகைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து வழி அடைபட்டால் அரை நாள் போய்விடும். அந்த அரை நாளைத் தாங்கும்படி தெர்மோகோல் பெட்டியில் குளிர்பொதிகளை எப்படி அடுக்குவது, குழாய்க்கும் குளிர்பொதிக்கும் இடையே செய்தித்தாளை எப்படிச் சுற்றுவது என்பதை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் நின்று செய்து காட்டுங்கள். போகும்போது புதுக் குழாய்களையும் எடுத்துச் சென்று கொடுங்கள். ஒரு மாதிரியை ஏற்க முடியாமற்போனால், அன்றைக்கே தொலைபேசியில் காரணத்தைச் சொல்லி வேறொன்று கேளுங்கள். ‘மாதிரி தகுதியற்றது’ என்று ஒரு வரி எழுதிப் பத்து நாள் கழித்து அனுப்புவதை, மாட்டுக்காரருக்கும் அங்கே மருத்துவம் பார்ப்பவருக்கும் இழைக்கும் அநீதியாகவே நான் எண்ணி வந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு சிவப்பாகச் சிறுநீர் கழித்தது. உண்ணிக்காய்ச்சல் என்று ஊசி போட்டார்கள். சரியானதுபோல இருந்து, மூன்று மாதத்தில் திரும்பவும் வந்துவிட்டது. இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ‘பபேசியா இல்லை’ என்ற இரண்டே சொற்களில் முடிவு வந்தது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?
– ஒரு விவசாயி, கோத்தகிரி

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது. சிறுநீர் சிவப்பாகப் போவதற்குக் காரணங்கள் பல. உண்ணி பரப்பும் பபேசியா என்னும் ஒட்டுண்ணி, சிவப்பணுக்களை இரத்தக்குழாய்க்குள்ளேயே உடைக்கிறது. அவற்றிலிருந்து வெளிப்படும் ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கிக் கடுங்காப்பி நிறம் தருகிறது. உடம்பு அனலாய்க் கொதிக்கும். கன்று ஈன்று சில வாரங்களே ஆன, நிறையக் கறக்கும் பசுவுக்குப் பாஸ்பரஸ் குறைந்தாலும் சிறுநீர் இதே நிறமாகும், ஆனால் பெரும்பாலும் காய்ச்சல் இராது. மூன்றாவது காரணம் நம் மலைக்காரர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது. சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் தரிசு விட்ட நிலத்திலும் தழைத்துக் கிடக்கும் பிராக்கன் என்னும் பெரணிச் செடியை மாடுகள் நெடுங்காலம் மேய்ந்தால், அதிலுள்ள டாக்விலோசைடு என்னும் நச்சு சிறுநீர்ப்பையில் புண்ணையும் கட்டிகளையும் உண்டாக்குகிறது. அங்கிருந்து இரத்தம் கசிகிறது. இது விட்டு விட்டு வரும், காய்ச்சல் இருக்காது, மாடு நாளடைவில் வெளுத்து இளைத்துப் போகும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று மாத இடைவெளி என்னை இதைத்தான் முதலில் சந்தேகிக்கச் செய்கிறது. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன்.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சிறுநீரை சென்ட்ரிஃபியூஜில் இட்டுச் சுழற்றினால், சிறுநீர்ப்பையிலிருந்து கசிந்த இரத்தமாக இருப்பின் சிவப்பணுக்கள் அடியில் படிந்து மேலே மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். பபேசியாவிலும் பாஸ்பரஸ் குறைவிலும் சுழற்றிய பிறகும் சிவப்பு அப்படியே இருக்கும். மின்சாரம் இல்லாத மருந்தகத்தில்கூட ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சில மணி நேரம் அசைக்காமல் வைத்தால் ஓரளவு தெரிந்துவிடும். உங்கள் பசுவின் இரத்தத்தோடு சிறுநீரையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு எடுத்த இரத்தத்தில் பபேசியா கண்ணில் படாமற்போகவும் வாய்ப்புண்டு. ஆகவே ஊசி போட்ட தேதியும், கன்று ஈன்ற தேதியும், மேயும் இடமும், காய்ச்சல் அளவும் மாதிரியோடு வரும் படிவத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்தப் படிவத்தை எழுதுவதும், அது வெறுமையாக வந்தால் தொலைபேசியை எடுத்துக் கேட்பதும் ஆய்வகத் தலைவரின் வேலை. உங்களுக்கு வந்த முடிவில் கையெழுத்திட்டவர் அதைச் செய்யவில்லை.

இப்போதைக்கு மாட்டைப் பெரணி இல்லாத இடத்தில் கட்டித் தீவனம் போடுங்கள். சிறுநீரையும் ஆய்வுக்குக் கொடுங்கள். கட்டி முற்றிவிட்டால் குணப்படுத்தும் மருந்து இல்லை. அந்த நச்சு பாலிலும் கலக்கக்கூடியது என்பதால், மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை அந்தப் பாலை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: நான் ஆய்வக நுட்பநர். முடிவு தவறிப்போனால், காரணம் எதுவாக இருந்தாலும், பழி எங்கள் மீதே விழுகிறது. ஒரு தலைவர் இதை எப்படிக் கையாள வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குன்னூர்

பதில்: என் தவறொன்றையே சொல்கிறேன். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டின் மழைக்காலத்தில், எதையுமே விதைக்காமல் வைத்திருந்த வளர்ப்புத் தட்டுகளில்கூடக் கிருமி முளைத்தது. நுட்பநரின் கைச்சுத்தம் போதாது என்று இரண்டு முறை கடிந்துகொண்டேன். மூன்றாம் முறையும் அதுவே நடந்தபோது அவருடன் மாலை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலமான ஆட்டோகிளேவின் முள் 15 பவுண்டில் நின்றது, கடிகாரத்தில் 15 நிமிடம் ஆனது, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. அப்போது அவர்தான், “கீழே கோவையில் வேகிற பருப்பு இங்கே திறந்த பாத்திரத்தில் வேகமாட்டேன் என்கிறதே ஐயா, இதுவும் அப்படித்தானோ?” என்றார்.

அப்படித்தான் இருந்தது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 அல்லது 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆட்டோகிளேவின் முள் வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூடுதல் என்பதை மட்டுமே காட்டுகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, இங்கே 11 பவுண்டு சொச்சம். அந்தக் குறைவினால், முள் 15 காட்டும்போது உள்ளே இருக்கும் ஆவி கிருமி நீக்கத்துக்கு வேண்டிய 121 டிகிரியை எட்டாமல் 117 அளவிலேயே நின்றிருந்தது. உதகையில் 121 டிகிரி வேண்டுமானால் முள் சுமார் 18.5 காட்ட வேண்டும். கலம் அந்த அழுத்தத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அன்று முதல் முள்ளை மட்டும் நம்பாமல் வெப்பமானியையும், வெப்பம் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் தோய்த்த சோதனைப் பட்டைகளையும் உள்ளே வைத்துச் சரிபார்த்தோம். மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் அந்த நுட்பநரிடம் மன்னிப்புக் கேட்டேன். கடிந்தது எல்லோர் முன்னிலையிலும்தான் அல்லவா?

பனிமூட்ட நாட்களில், நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தப் பூச்சு மெதுவாக உலர்வதும் இதைப் போன்றதுதான். ஈரம் கலந்த மெத்தனாலில் பதப்படுத்தினால் சிவப்பணுக்களின் மேல் மினுக்கும் புள்ளிகள் தோன்றும். அனுபவம் குறைந்தவர் அவற்றை ஒட்டுண்ணி என்று எண்ணிவிடுவார். இதற்கு அவரைத் திட்டுவதைவிட, கண்ணாடித் தகடுகளை உலர்த்த மின்விளக்கு எரியும் ஒரு பெட்டியும், இறுக மூடிய புது மெத்தனாலும் வாங்கித் தருவதே பயன் தரும். தவறுகளுக்கென்று ஒரு பதிவேடு வையுங்கள் என்று உங்கள் தலைவரிடம் கேளுங்கள். தானாக முன்வந்து அதில் எழுதுகிறவருக்குத் தண்டனை இல்லை என்று அவர் வாக்குத் தர வேண்டும்; தவறான முடிவு வெளியே போயிருந்தால், அதை ரத்து செய்து திருத்திய முடிவைத் தம் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநெறியும் குறையான பணியை எப்படிக் கையாள்வது என்பதற்கு எழுதிவைத்த நடைமுறை வேண்டும் என்கிறது.

கேள்வி: சிறு ஆய்வகத்துக்கு, கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கி நோயைக் கண்டறியும் பி.சி.ஆர். கருவி வாங்கலாமா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: உடனே வேண்டாம். வினைக்கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரியிலிருந்து மரபுப்பொருளைப் பிரிக்க ஓர் அறை, கருவிக்கு ஓர் அறை எனப் பிரித்து வைக்க இடமில்லையென்றால், ஒரு மாதிரியின் எச்சம் மற்றொன்றில் கலந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். நல்ல நுண்ணோக்கி இரண்டு, சென்ட்ரிஃபியூஜ், மைனஸ் 20 டிகிரி உறைபெட்டி, மழைக்கால மின்வெட்டைத் தாங்கும் ஜெனரேட்டர் ஆகியவை முதலில் வரட்டும்.

கேள்வி: காட்டோரம் மேய்ந்த மாடு திடீரென்று செத்து, மூக்கில் இரத்தம் வடிந்தது. அறுத்துப் பார்த்து ஈரலை ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?
– வாசகர், மசினகுடி

பதில்: அறுக்கவே கூடாது. தோலையும் உரிக்க வேண்டாம். இறைச்சியை யாரும் எடுக்கவும் விடாதீர்கள். அது அடைப்பான் நோயாக இருக்கலாம். உடல் திறக்கப்படாத வரை, அழுகும்போதே அந்தக் கிருமிகளில் பெரும்பகுதி மடிந்துவிடும். திறந்து காற்றுப் பட்டால் அவை வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், அதே இடத்தில் மேயும் மாட்டையும் காட்டுயிரையும் பின்னர் தாக்கும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். காதோர நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசுவது கையுறை அணிந்த மருத்துவரின் வேலை. ஏற்கெனவே யாராவது அறுத்திருந்தாலோ தொட்டிருந்தாலோ அவர்கள் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று விவரத்தைச் சொல்ல வேண்டும்.

ஆய்வகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் அடைப்பானும் அடங்கும். தகட்டில் உறையோடு கூடிய கோல் வடிவக் கிருமிகளைக் கண்டதும், அச்சடித்த அறிக்கைக்குக் காத்திராமல் துறை அலுவலரைத் தொலைபேசியில் அழையுங்கள். அடுத்த அழைப்பு அந்தத் தகட்டை அனுப்பிய மருத்துவருக்குப் போகட்டும். அவர் அந்த உடலருகேதான் காத்திருப்பார், ஆழமாகக் குழி வெட்டுவதற்கும் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவதற்கும் அவருக்கு அன்றைய வெளிச்சம் வேண்டும்.