அம்மாவின் கைக்கு எந்தத் திறன்பேசி?

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. ஈசூனில் என்னுடன் வசிக்கிறார். பல ஆண்டுகளாகச் சாம்சங் கேலக்சி எஸ்9 வைத்திருக்கிறார். அதில் இனி இயங்காது என்று அவருடைய வங்கிச் செயலி அறிவிப்புக் காட்டத் தொடங்கிவிட்டது. ஐஃபோன் 16தான் பாதுகாப்பானது என்கிறான் என் மகன். ஐஃபோனில் தமிழ் எழுத வராது, கேலக்சி எஸ்25 வாங்கு என்கிறார் அண்ணன். சென்ற ஆண்டு வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டி, ஏதோ ஒரு செயலியைப் பதிவிறக்கப் போன அம்மாவை நல்லவேளையாகத் தடுத்தோம். அதனால் எனக்கும் அச்சம் இருக்கிறது. எதை வாங்கட்டும்?
— வாசகி, ஈசூன்

பதில்: கேலக்சி எஸ்25 வாங்குங்கள். ஆனால் உங்கள் அண்ணன் சொல்லும் காரணத்துக்காக அன்று. ஐஃபோனில் தமிழ் எழுத வராது என்பது பழைய கதை. 2013இல் வெளியான ஐஓஎஸ் 7 என்ற ஐஃபோன் இயங்குதளம் முதல் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் அதனுடனேயே வருகின்றன. கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் என்ற செயலி 2005இலேயே சிங்கப்பூரில் வெளியீடு கண்டது என்பதை எண்ணிப் பார்த்தால், தமிழைக் காரணம் காட்டி ஒரு கருவியை ஒதுக்கும் நிலையில் நாம் இன்று இல்லை என்பது மகிழ்ச்சியளிக்கிறது. அம்மாவுக்குத் தட்டச்சு சிரமம் என்றால், கூகலின் ஜிபோர்டு விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழிலேயே பேசச் சொல்லுங்கள், பேச்சு எழுத்தாகிவிடும்.

நான் எஸ்25ஐச் சொல்வதற்குக் காரணம் அம்மாவின் கைப்பழக்கம். எஸ்9 எடை 163 கிராம், எஸ்25 எடை 162 கிராம். உயரமும் அகலமும்கூட ஏறக்குறைய அதே அளவு. திரையின் அடியிலுள்ள மூன்று பொத்தான்களில் ஒன்றைத் தொட்டுப் பின்னால் செல்வதற்கு அவர் விரல் பழகியிருக்கும். புதிய கருவியில் அந்தப் பொத்தான்கள் தென்படாவிட்டால், அமைப்புகளில் திரைக்குரிய பகுதியில் வழிசெலுத்தும் பட்டையைத் தேடி மீண்டும் வரவழைத்துவிடலாம். ஐஃபோனில் அப்படி நிலையான பொத்தான் கிடையாது; திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுக்க வேண்டும். விரல்ரேகைப் பூட்டும் ஐஃபோன் 16இல் இல்லை, முகத்தைக் காட்டித்தான் திறக்க வேண்டும். இளையோர் ஒரே நாளில் பழகிக்கொள்ளும் இம்மாற்றங்கள், எழுபதைக் கடந்த ஒருவரை ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைக் கூப்பிட வைத்துவிடுகின்றன. எழுத்தும் படங்களும் பெரிதாகத் தெரியவேண்டுமானால் சாம்சங்கின் ‘ஈசி மோட்’ அமைப்பை இயக்குங்கள்.

உங்கள் மகனுடைய கவலை முற்றிலும் நியாயமானது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2023இல் இங்கு பலர் பணத்தைப் பறிகொடுத்த வழி ஏறத்தாழ ஒன்றுதான்: சமூக ஊடகத்தில் மலிவான பொருளுக்கோ துப்புரவுச் சேவைக்கோ விளம்பரம் வரும், தொடர்புகொண்டால் ‘இந்தச் செயலியின் வழி பணம் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டுச் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றை அனுப்புவார்கள், அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்ததும் கைப்பேசியின் கட்டுப்பாடு மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். ஐஃபோனில் ஏபிகே கோப்பு இயங்காது. ஆனால் அதன் பிறகு, சாம்சங் கைப்பேசிகள் இயங்கும் ஆண்ட்ராய்டிலும் தடுப்புகள் வந்துள்ளன. குறுஞ்செய்தியைப் படிப்பது போன்ற ஆபத்தான அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளை நிறுவவிடாமல் தடுக்கும் வசதியைக் கூகல், இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து 2024 பிப்ரவரியில் முதன்முதலாகச் சிங்கப்பூரில்தான் சோதனை முறையில் கொண்டுவந்தது. சாம்சங்கில் ‘ஆட்டோ பிளாக்கர்’ என்ற பூட்டும் உண்டு. அது இயங்கும்வரை பிளே ஸ்டோர், கேலக்சி ஸ்டோர் தவிர வேறெங்கிருந்தும் செயலி ஏறாது. வாங்கிய அன்றே பாதுகாப்பு அமைப்புகளுக்குள் சென்று அது இயக்கத்தில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அதை யாரும் அணைக்கச் சொன்னால், சொல்பவர் மோசடிக்காரர் என்று அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

அதிகாரிபோல் பேசிப் பணத்தை மாற்றச் சொல்லும் அழைப்புக்கு ஐஃபோனும் ஒன்றுதான், சாம்சங்கும் ஒன்றுதான். அதற்கு எண் 1799. ஐயம் வந்தால் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் அந்த உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். அம்மாவின் சேமிப்பில் பெரும்பகுதியை இணையத்தின் வழி மாற்ற முடியாதபடி வங்கியில் பூட்டியும் வைக்கலாம். டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றும் 2023 நவம்பர் முதல் இவ்வசதியைத் தருகின்றன. எந்தக் கைப்பேசி வாங்கினாலும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

படக்கருவியைப் பொறுத்தவரை, எஸ்25இல் மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் தனி வில்லை உண்டு, ஐஃபோன் 16இல் இல்லை. பேரப்பிள்ளை மேடையில் ஆடுவதைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து எடுக்கும்போது இது தெரியும். எஸ்25க்கு ஏழு ஆண்டுகள் பாதுகாப்பு மேம்பாடு தருவதாகச் சாம்சங் உறுதி கூறியிருக்கிறது. எஸ்9 ஆண்ட்ராய்டு 10உடன் நின்றுபோனதால் நேர்ந்த இன்றைய தொல்லை அவ்வளவு விரைவில் மீண்டும் வராது.

மாற்றும் நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எஸ்9இல் நினைவக அட்டை போட்டிருந்தால் அதிலுள்ள படங்களை முதலில் நகலெடுங்கள். எஸ்25இல் அட்டைக்கு இடமில்லை. காதொலிக் கருவியின் பழைய செருகியும் பொருந்தாது, சி வகைச் செருகி உள்ளதை வாங்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களை இரு கைப்பேசிகளையும் அருகருகே வைத்து, கியூஆர் குறியீட்டை வருடி மாற்றிவிடலாம். வங்கிப் பரிவர்த்தனையைச் செயலியிலேயே உறுதிப்படுத்தும் மின்னிலக்க டோக்கன்தான் பலரையும் தடுமாற வைக்கிறது. நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2022 ஜனவரியில் அறிவித்த விதிகளின்படி, புதிய கைப்பேசியில் டோக்கன் செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாலையில் கட்டணம் செலுத்த வேண்டிய நாளில் காலையில் கைப்பேசியை மாற்றிவிட்டுத் தவிக்காதீர்கள். அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளச் சேவையான சிங்பாஸ் முகச் சரிபார்ப்புக் கேட்கலாம் என்பதால் அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியாகும்வரை எஸ்9இல் எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: அதே கைப்பேசியின் ‘எக்ஸ்போர்ட் செட்’ சில கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: வேறு நாட்டுச் சந்தைக்கென வந்த கருவி அது. பழுதானால் தயாரிப்பாளரின் உள்ளூர்ச் சேவை மையம் ஏற்காமல் போகலாம். பெரும்பாலும் கடைக்காரரின் உத்தரவாதம் மட்டுமே இருக்கும். வயதானவர் கையில் கொடுக்கும் கருவிக்கு உள்ளூர்ச் சந்தைக்கென வந்த ‘லோக்கல் செட்’டையே நான் பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) உங்களுக்குத் துணை நிற்கும்: ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், அப்படியில்லை என்று மெய்ப்பிப்பது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரக் கேட்கலாம், முடியாதபோது விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். உடன்பாடு வராவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். அதற்கு ரசீது வேண்டும். கடையிலிருந்து வெளியேறுமுன் *#06# அழுத்தி, திரையில் தோன்றும் ஐஎம்இஐ எண்ணும் (கைப்பேசியின் தனி அடையாள எண்) ரசீதிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். உத்தரவாதம் தருவது கடையா தயாரிப்பாளரா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.