பத்து வேண்டாம், ஐந்து போதும்

கேள்வி: ஆகஸ்டில் மாமியார், குழந்தைகளோடு ஐந்து நாள் இலங்கை போகிறோமுங்க. டிராவல்ஸ்காரர் பத்து இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, யால, எல்ல, நுவரெலியா, கண்டி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம். இது போதுமா, இன்னும் எதையாவது சேர்க்கணுமா?
– ஒரு வாசகி, கொடுமுடி

பதில்: முதலில் கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, யால, எல்ல, யாழ்ப்பாணம் ஆறையும் அடித்துவிடுங்கள் அம்மா. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கி.மீ. கூட இல்லை, ஆனால் மலை வளைவில் மூன்று மணி நேரம் பிடிக்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கி.மீ. பத்தையும் தொட நினைத்தால் பிள்ளைகள் வேனிலேயே தூங்கி எழுவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆகஸ்டில் காலி, மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிக்கும். தெற்கே போகவே வேண்டாம். யாழ்ப்பாணத்தை விடச் சொல்லத்தான் மனசு வரவில்லை. அங்குள்ள நல்லூர் முருகன் கோயிலை அவசரமாகப் பார்க்கக் கூடாது. அதற்கென்றே இன்னொரு முறை போங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேருங்கள்: பொலன்னறுவை. அதை எப்படி விட்டார்கள் என்று எனக்குக் கோபமே வருகிறது. காலிங்கராயன் வாய்க்கால் பாயும் ஊர் உங்களுடையது, பழைய பாசனத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். 12-ஆம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் பராக்கிரமபாகு உருவாக்கிய பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய ஏரி அங்கே இருக்கிறது. கரை மட்டும் சுமார் 14 கி.மீ. இன்றும் அந்தத் தண்ணீரில் நெல் விளைகிறது. அதற்கும் முன்னே அந்த ஊர் சோழர்களின் ஜனநாதமங்கலம். ஒரு சோழ அரசியின் பெயர் தாங்கிய வானவன் மாதேவி ஈச்சரம், அடி முதல் உச்சி வரை கல்லாகவே நிற்கிறது. சுவரோரம் குனிந்து பாருங்கள், தமிழ்க் கல்வெட்டு. பிள்ளைகளை எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள். ஓரிரு எழுத்து பிடிபட்டாலும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். சிகிரியா பாறைக் கோட்டையில் சுமார் 1,200 படி. வெயில் ஏறுமுன் பிள்ளைகளோடு நீங்கள் ஏறுங்கள், மாமியாரை ஏற்ற வேண்டாம். சாயங்காலம் பக்கத்தில் மின்னேரியா தேசியப் பூங்கா. அந்தப் பக்கத்து வறண்ட மாதங்களில் அங்குள்ள குளம் வற்றி, அடியில் பசும்புல் முளைக்கும். அதைத் தேடி யானைகள் குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக இறங்கி வரும் காலம் இதுதான். இதைப் பார்த்துவிட்டால் யால வனவிலங்குப் பூங்காவுக்குப் போகவில்லையே என்று தோன்றாது.

மாமியாருக்குத் திருகோணமலை. உங்கள் கொடுமுடி, கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழில் ஒன்று. ஈழத்தில் அப்படி இரண்டுதான். அதில் ஒன்று கோணேசர் கோயில். போர்த்துக்கீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்து, பின்னாளில் மீண்டும் எழுந்த கோயில். பாறை உச்சியில் நின்றால் மூன்று பக்கமும் கடல். ஆகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாம்.

அப்புறம் கண்டி. பெரஹரா என்ற யானை ஊர்வலத் திருவிழா சமயமாக இருந்தால் அறை கிடைப்பது கஷ்டம், இப்போதே பதிவு செய்துவிடுங்கள். புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போங்கள்.

கடைசி நாள் நுவரெலியா. தேயிலைத் தோட்டத்தைப் பார்த்ததும் போனைத் தூக்காதீர்கள். அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர், 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி நம் பக்கமிருந்து கடல் கடந்தவர்களின் வழிவந்தவர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் திருப்பி அனுப்பப்பட்ட அவர்களுடைய சொந்தங்கள் இங்கே கோத்தகிரியிலும் கூடலூரிலும் அதே கொழுந்தைப் பறிக்கிறார்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் யாராவது நின்றால், "நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்கள். போட்டோ எடுக்கலாமா என்பதை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.