எழுதினாத்தானே அடிக்க முடியும்

அன்புள்ள ஐயா,

நான் கன்னியாகுமரி மாவட்டம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். அப்பா இறந்த மறுவருடம், பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி அண்ணன் என்னைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அது விடுதலைப் பத்திரம், சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. வீடும் 11 சென்ட் நிலமும் அவன் பேருக்குப் போய்விட்டன. ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. போன மாதம் கடைத்தெருவில் அவன் மகள் "அத்தே" என்று கூப்பிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். போதகரோ, ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும், வழக்குப் போடுவது பாவம் என்கிறார். என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் பாவியா? மன்னித்தால் மறந்துவிடவும் வேண்டுமா? கத்தோலிக்கர்களைப் போல நமக்கும் பாவசங்கீர்த்தனம், குருவிடம் போய்ப் பாவத்தை அறிக்கையிடுவது, இருந்தால் மனப்பாரம் குறையும் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது அம்மாவின் பழைய பால் கணக்கு நோட்டு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் பழசை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாவசங்கீர்த்தனம் பெரிய விஷயம், இன்னொரு நாள் பேசுவோம். மறப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கட்டளை போட்டு யாரும் எதையும் மறந்ததில்லை. நான் பாவியா என்கிறீர்கள். ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது போதகர், அண்ணன், நீங்கள், நான் எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் மன்னிக்க முடியவில்லை என்று அழுவதற்காக உங்களைத் தனியாகப் பிடித்துப் பாவி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நம் பழைய மொழிபெயர்ப்பில் எப்படிச் சொல்கிறோம்? "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கத்தோலிக்கர்கள் இதே இடத்தில் "பாவங்களைப் பொறுத்தருளும்" என்பார்கள். அதுவும் அழகான சொல்தான். ஆனாலும் எனக்குக் கடன் என்ற சொல்லை விட மனம் வரவில்லை. மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்திலும் கடன்தான் இருக்கிறது. அங்கே மன்னிப்பு என்பதற்கு உள்ள சொல்லுக்கு விட்டுவிடுதல், விடுவித்தல் என்று பொருள். அதாவது, விடுதலை! உங்களிடம் ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரத்துக்கும் அதே பெயர் என்பதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

பாவத்தைக் கடன் என்று சொன்னதுமே அதற்கு ஒரு தொகை வந்துவிடுகிறது, கொடுக்க வேண்டியவர் ஒருவர், வாங்க வேண்டியவர் ஒருவர் என்றும் ஆகிவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் உட்கார்ந்து வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்த மிஷனரி பப்ரீசியஸ் ஐயர், வயதான காலத்தில் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறையில் இருந்தவர். 1791-இல் இறந்தார். கடன்களை மன்னியும் என்ற வரியை அதற்குப் பிறகு அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.

போதகர் உங்களுக்குச் சொன்ன ஏழெழுபது தரம் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் வருகிறது. உடனே அதன் கீழே ஒரு கதை. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் மன்னிப்புப் பெற்று வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். பிரசங்கங்களில் அந்த நூறு வெள்ளிப்பணத்தை ஏதோ சில்லறைக் காசு மாதிரி தள்ளிவிடுவார்கள். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு ஆளின் நாள்கூலி. நூறு என்றால் மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த கூலி. ஒரு குடும்பம் அடுப்பு மூட்ட வேண்டிய காசு அது. தாலந்து என்பது 6,000 நாள்கூலி, அப்படியானால் பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள்கூலி. ஒருவன் 1,60,000 வருடம் உழைத்தாலும் தீராது. அதன் பக்கத்தில் வைத்தால் நூறு வெள்ளிப்பணம் சிறிதுதான், சரி. அதற்காக அது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. தொகையைச் சொல்லித்தான் கதையை நடத்துகிறார். உங்கள் 11 சென்டும் அப்படித்தான். அது ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே அதிகாரத்தில், ஏழெழுபதுக்கு ஏழு வசனம் முன்னால், பதினைந்தாம் வசனம் இருக்கிறது. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து. இதை உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா? ஐந்தாம் அதிகாரத்தில் பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருகிறவனிடம் என்ன சொல்கிறார்? "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். அது உங்களுக்குச் சொன்னதே இல்லை, உங்கள் அண்ணனுக்குச் சொன்னது. ஆறு வருடமாக அவர் காணிக்கைப் பையில் போட்ட பணத்தைச் சபை வாங்கி வைத்திருக்கிறது. வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது.

வழக்குப் பாவம் என்பதற்கு அப்போஸ்தலன் பவுலைக் காட்டுவார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, உங்களுக்குள்ளே நியாயம் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன் கூட இல்லையா என்று சபையைக் கேட்டுத்தான். சபை விசாரிக்க வேண்டும் என்றார். உங்கள் சபை எந்தப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தது? நல்ல வக்கீல் ஒருவரைப் பாருங்கள், தாமதம் வேண்டாம். அது பாவம் இல்லை.

முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1916-ஆம் வருடத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் இல்லாத சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்றது. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் போராடி 1986-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் மகனுக்கும் மகளுக்கும் சமம் என்பது உறுதியானது. அத்தனை வருடமும் அந்தச் சட்டத்தால் லாபம் அடைந்த ஆண்கள் கோவிலில் உட்கார்ந்து "கடன்களை மன்னியும்" என்றுதான் ஜெபம் செய்தார்கள். மன்னிக்கச் சொல்லிப் பிரசங்கம் கேட்டது மட்டும் அக்கா தங்கைகள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். அம்மாவின் நாலு பவுன் சங்கிலியைச் சித்தப்பா கடைபோட வேண்டும் என்று வாங்கிப்போய் அடகு வைத்தார். கடை முங்கியது, சங்கிலியும் போயிற்று. அதோடு அப்பாவும் சித்தப்பாவும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மாதம் ஒருமுறை திருவிருந்து ஆராதனை. சி.எஸ்.ஐ. முறையில் சமாதானம் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். குருவானவரிடமிருந்து புறப்பட்டுப் பெஞ்சு பெஞ்சாக, கை கையாக வரும். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, அதன்மேல் இருவரின் இடது கையும் மூடிக்கொள்ளும். அப்பா மூன்றாம் பெஞ்சில் இருப்பார், சித்தப்பா கடைசிப் பெஞ்சில். அந்தக் கை தன் பெஞ்சுக்கு வரும் முன்பே சித்தப்பா எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். திருவிருந்தும் எடுப்பதில்லை. நான் பையனாக அதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். சபை ஐயர், அதாவது போதகர், எத்தனையோ முறை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "மன்னிச்சிருங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். மரத்தடிக்கு யாரும் போகவில்லை.

ஆறாம் வருடம் பழைய உபதேசியார் ஒருவர் போனார். என்ன பேசினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் சித்தப்பா வந்து வாசல்படியில் நின்றார். "மதினி" என்றார், அதற்குமேல் பேச்சு வரவில்லை. மடித்த ரூபாய் நோட்டுகளைத் திண்ணையில் வைத்தார். 150 ரூபாய்.

அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பால் கணக்கு நோட்டை எடுத்துவந்தாள். கடைசிப் பக்கத்தில் ஆறு வருடத்துக்கு முன்பே எழுதியிருந்தாள்: செயின் 4 பவுன், தம்பி. அதன் கீழே அவர் கண்முன்னே எழுதினாள்: வரவு 150. பிறகுதான் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரி அப்பா கோபப்பட்டார். கூடப்பிறந்தவன் முகத்துக்கு நேரே கணக்கு எழுதுவாயா என்று கேட்டார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எழுதினாத்தானே அடிக்க முடியும்."

சித்தப்பா ஏழு மாதம் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு வரவு. எட்டாம் மாதம் அம்மா நோட்டை விரித்து, அவரையே பார்க்கச் சொல்லிவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டாள். "மீதி வேண்டாம் தம்பி, சாப்பிட்டுப் போங்க." கோடு நேராக இல்லை, நடுவில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அந்தக் கிழிசலைத்தான் இரண்டு நாளாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திட்டி எழுத வேண்டாம். எந்தத் தேதி, எந்தப் பத்திரம், எத்தனை சென்ட், இன்று என்ன விலை என்பதை எழுதுங்கள். அவர் பதில் போடுவாரா என்பது வேறு விஷயம். என்ன கடன் என்று நீங்கள் எழுதியாக வேண்டும். எழுதாத வரைக்கும் உங்கள் போதகர் கேட்கிற மன்னிப்புக்கு எதுவுமே இல்லை, வெறும் மௌனம்தான் இருக்கிறது.

இவ்வளவும் உங்கள் பக்கம் நின்று சொன்னேன். இனி கொஞ்சம் கோபமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன கடன்பட்டாள்? பத்திரம் எழுதிய அன்று அவள் எவ்வளவு சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாள்? அவள் அப்பா செய்ததற்கு அவளிடம் வசூல் செய்ய உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கூட்டத்துக்கு நடுவே "அத்தே" என்று கூப்பிட ஒரு சின்னப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! வீட்டில் அவள் கேட்டு வளர்ந்த பேச்சையெல்லாம் மீறி அவள் உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நீங்கள் செய்தது தப்பு. அண்ணனை மன்னிக்க எத்தனை வருடம் ஆனாலும் ஆகட்டும், இதற்கு ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, எத்தனாவது படிக்கிறாள் என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.